தரிசுக் காணிக்கு யார் பெயரில் மானியம்? தீவகத்திலிருந்து சில கேள்விகள்

‘பாதுகாப்பு’ என்ற சொல்லை வடக்கில் வாழ்ந்த எவரும் கொஞ்சம் சந்தேகத்துடன்தான் கேட்பார்கள். உயர் பாதுகாப்பு வலயம் என்றால் வீடு போயிற்று என்று அர்த்தம். பாதுகாக்கப்பட்ட வனம் என்றால் வயலுக்குள் எல்லைக்கல் வந்துவிட்டது என்று அர்த்தம். வனஜீவராசிகள் பாதுகாப்பு என்றால் மாடு மேய்ந்த தரவை இனி எங்களுடையதில்லை என்று அர்த்தம்.

இதே சொல்லை அமெரிக்காவின் ஒரு கிராமப்புறக் கவுண்டியில் சொன்னால் காணிக்காரருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். மண்ணையும் நீரையும் காப்பதற்காக அரசாங்கம் வருடாவருடம் அவருடைய கணக்கில் போடும் பணம் அது. இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் இதுபோன்ற கொடுப்பனவுகள் இருக்கின்றன. அங்கே அரசு இயற்கையைக் காப்பதற்குக் காணிக்காரருடன் ஒப்பந்தம் செய்கிறது. எங்களிடம் வர்த்தமானி அச்சிடுகிறது.

இந்த வித்தியாசத்தைத் தீவகத்தில், குறிப்பாகப் புளியங்கூடலில் வைத்து யோசித்துப் பார்க்க விரும்புகிறேன். காலநிலை நிதி, பசுமைத் திட்டம், தரிசு நிலப் பயிர்ச்செய்கை என்ற பெயர்களில் வெளிநாட்டுப் பணமும் உள்நாட்டுத் திட்டங்களும் வடக்கை நோக்கி வரத் தொடங்கியுள்ளன. 2025 செப்டம்பரில் ‘வடக்குத் தெங்கு முக்கோணம்’ என்ற திட்டத்தை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க ஆரம்பித்துவைத்தார். இனியும் திட்டங்கள் வரும். அவை வரும்போது காணிகள் யார் பெயரில் இருக்கும், பணம் யார் கைக்குப் போகும் என்ற கேள்விக்கு எங்களிடம் விடை தயாராக இல்லை.

காசு கொடுத்துக் காக்கும் முறை

அமெரிக்காவில் 1985ஆம் ஆண்டின் விவசாயச் சட்டத்தின் மூலம் ‘பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டம்’ ஒன்று உருவாகியது. மண் அரிப்புக்கு உள்ளாகும் நிலத்தை வைத்திருப்பவர் அதில் பயிர் செய்வதை நிறுத்தி, புல்லோ மரமோ வளர்ப்பதாக 10 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்கிறார். அதற்கு அரசு வருடாந்த வாடகை கொடுக்கிறது. 2007 அளவில் 3 கோடியே 60 இலட்சம் ஏக்கருக்கு மேல் இந்தத் திட்டத்தில் இருந்தது. பின்னர் சட்டத்தின் மூலம் அந்த அளவு குறைக்கப்பட்டது.

இத்திட்டத்தின் இரண்டு விதிகள் எங்களுக்கு முக்கியமானவை. ஒன்று, பொதுவாக ஒரு கவுண்டியின் பயிர்நிலத்தில் 25 வீதத்துக்கு மேல் இதில் சேர்க்க முடியாது. நிலம் அதிகமாகச் சும்மா கிடந்தால் உரக்கடை மூடப்படும், உழவு இயந்திரம் திருத்துபவருக்கு வேலை போகும், பாடசாலையில் பிள்ளைகள் குறைவார்கள், ஊரே கலைந்துவிடும் என்ற பயம்தான் காரணம். மற்றது, காணிக்காரர் பணத்தை எடுத்துக்கொண்டு குத்தகைக்காரரை வெளியேற்றிவிடக்கூடாது என்பதற்கான விதி. நகரத்தில் இருந்துகொண்டு காசோலையை மட்டும் வாங்கும் காணிக்காரர்கள் பற்றிய முறைப்பாடு அங்கேயும் நெடுநாளாக உண்டு.

பிரித்தானியாவில் இருக்கும் வாசகர்களுக்கு அங்குள்ள கதை தெரிந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தபோது அங்கே பெரும்பாலும் நிலத்தின் பரப்பளவுக்கே பணம் கிடைத்தது. அதிக நிலம் உள்ளவருக்கு அதிக பணம். வெளியேறிய பின் இங்கிலாந்து அதை மாற்றி, மண்ணைக் காத்தல், வேலி வளர்த்தல், பூச்சிகளுக்குப் பூக்கள் விதைத்தல் போன்ற செயல்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. ஆனால் 2025 மார்ச் 11ஆம் திகதி, நிதி தீர்ந்துவிட்டது என்று சொல்லிப் புதிய விண்ணப்பங்களைத் திடீரென நிறுத்தினார்கள். நம்பிக் காத்திருந்த விவசாயிகள் ஏமாந்தார்கள்.

ஆகவே அவர்களுடைய முறையும் குறையில்லாதது அல்ல. ஆனாலும் ஓர் அடிப்படை அங்கே ஒத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது: இயற்கையைக் காப்பதால் பயன் எல்லோருக்கும் வருகிறது என்றால், அதன் செலவைக் காணிக்காரரோ விவசாயியோ தனியே சுமக்கக்கூடாது.

எங்கள் நாட்டின் மானியம்

இலங்கையில் விவசாய மானியம் என்றால் பசளை மானியம்தான். அது 1962இல் தொடங்கியது. 2005இன் பின் நெல் விவசாயிக்கு 50 கிலோ மூடை 350 ரூபாவுக்குக் கிடைத்தது. 2016இல் மூடைக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள். பிறகு மீண்டும் மூடை வந்தது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் தடைசெய்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கைவிட்டார்கள். அதற்குள் விளைச்சல் விழுந்து, மக்கள் அரிசிக்கும் பாலுக்கும் வரிசையில் நின்றார்கள்.

2021இல் நடந்ததும் ‘இயற்கையைக் காக்கும்’ கொள்கை என்ற பெயரில்தான் நடந்தது என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். சேதனப் பசளைக்கு மாறுவது தவறான இலக்கு என்று நான் நினைக்கவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீரில் நைத்திரேற்று கூடியிருப்பதற்கு அளவுக்கு மீறிய பசளையும் ஒரு காரணம். ஆனால் மாறுவதற்கான காலமும் பணமும் கொடுக்காமல் முழுச் செலவையும் விவசாயியின் தலையில் இறக்கினார்கள். எல்லைக்கல் நடுவதும் பசளையைத் தடைசெய்வதும் ஒரே புத்தியிலிருந்து பிறந்தவை. மேலேயிருந்து உத்தரவு வரும், கீழே இருப்பவர் இழப்பார்.

இப்போது நெல்லுக்கான மானியம் மீண்டும் பணமாக வருகிறது. 2024 பெரும்போகத்துக்கு அது ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவிலிருந்து 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. எங்கள் ஊர்க் கணக்கில் பார்ப்போம். 16 பரப்பு ஓர் ஏக்கர் என்று வைத்தால் ஒரு ஹெக்டேயர் கிட்டத்தட்ட 40 பரப்பு. பரப்புக்கு ஏறத்தாழ 630 ரூபா. தீவகத்தில் ஒருவர் எட்டுப் பரப்பு நெல் விதைத்தால் ஒரு போகத்துக்குக் கிடைப்பது 5,000 ரூபா அளவில்தான். பொலன்னறுவையிலோ அம்பாறையிலோ இரண்டு ஹெக்டேயர் செய்பவருக்கு 50,000 ரூபா. நிலத்தின் அளவுக்குப் பணம் கொடுத்தால் சிறிய துண்டுகளின் ஊர் எப்போதும் வாலில்தான் நிற்கும்.

இந்த மானியம் விதைத்த வயலுக்குத்தான் வருகிறது. வரம்பைக் கட்டி மழைநீரை நிறுத்தியதற்கோ, குளத்தைத் தூர்வாரியதற்கோ, சணல் விதைத்துப் பசுந்தாளாக உழுததற்கோ ஒரு சதமும் இல்லை. 1951ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஆனால் அது பெரும்பாலும் மலைச்சரிவுகளை மனதில் வைத்து உருவானது. தேயிலைக்கும் தென்னைக்கும் மீள்நடுகை மானியம், ஈரப்பதன் காப்பு மானியம் என்று ஏதாவது உண்டு. பனைக்கு என்ன உண்டு? தறிப்பதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி உண்டு. காணிக்குள் நூறு பனையை நிற்கவிட்டு, மண்ணையும் காற்றையும் காத்தவருக்கு எதுவுமில்லை.

புளியங்கூடலில் தரிசு ஏன் பாதுகாப்பு ஆகாது

அமெரிக்க முறையை அப்படியே கொண்டுவந்து, பயிர் செய்யாமல் விட்டால் பணம் என்று சொன்னால், புளியங்கூடல் உலகத்திலேயே சிறந்த பாதுகாப்புக் கிராமங்களில் ஒன்றாகிவிடும்! சரவணை, நாரந்தனை, சுருவில் என்று சுற்றிலும் உள்ள ஊர்களும் அதற்குக் குறைந்தவை அல்ல. 1990–91 இராணுவ நடவடிக்கைகளோடு தீவகம் வெறுமையாகியது. வேட்டியும் சேலையும் நகையும் உறுதிக்கட்டும் எடுத்துக்கொண்டு, சிலர் அதுவும் இல்லாமல், பண்ணைப் பாலத்தையும் கடலையும் கடந்து யாழ்ப்பாணம் போனவர்கள் 1995இல் அங்கிருந்தும் ஓடினார்கள். வன்னி, கொழும்பு, பிறகு கனடா, பிரான்ஸ், இங்கிலாந்து, சுவிஸ். 2006இல் அல்லைப்பிட்டியில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, திரும்பி வந்திருந்தவர்களில் பலரும் மறுபடி வெளியேறினார்கள். அமெரிக்கர்கள் 25 வீதத்துக்கு மேல் நிலம் சும்மா கிடந்தால் ஊர் செத்துவிடும் என்று விதி எழுதினார்கள். எங்கள் ஊர்களில் அந்த எல்லை எப்போதோ தாண்டப்பட்டுவிட்டது. ஒப்பந்தமும் இல்லை, வாடகையும் இல்லை.

அப்படிக் கிடக்கும் காணி இயற்கைக்கு நல்லதா? அமெரிக்கச் சமவெளியில் நல்லதாக இருக்கலாம். தீவகத்தில் அப்படியில்லை. காரணம் நிலத்துக்கு அடியில் இருக்கிறது.

எங்கள் தீவுகள் சுண்ணக்கல்லின் மேல் இருப்பவை. ஆறு கிடையாது. மழைநீர் கல்லுக்குள் இறங்கி, கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீர் உவர்நீரைவிடக் கொஞ்சம் பாரம் குறைந்தது என்பதால்தான் அது மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. இதை மறுபக்கமாகப் படித்தால் பயம் வரும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழே 40 அடி போகிறது. கிணறு உவராகிறது.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் பெய்து முடிந்துவிடும். அந்த மூன்று மாதத்தில் நீரை நிலத்தின் மேல் நிறுத்தி வைக்காவிட்டால் அது ஓடிக் கடலில் சேரும். நிறுத்தி வைப்பது எது? குளம், கேணி, துரவு. இவற்றையெல்லாம்விடப் பரந்த பாத்திரம் ஒன்று உண்டு: வரம்பு கட்டிய நெல்வயல். காலபோகத்தில் ஒவ்வொரு வயலும் ஓர் ஆழமற்ற குளம்தான். முன்னோர் நெல்லுக்காக வரம்பு கட்டினார்கள். கிணற்றுக்கு நீர் அதன் உபரியாகக் கிடைத்தது.

வயல் முப்பது வருடம் தரிசாகக் கிடந்தால் வரம்பு கரைந்துவிடும். வாய்க்கால் பற்றையால் மூடப்படும். குளம் தூர்ந்து மேடாகும். கடலோரத்தில் உவர்நீர் ஏறாமல் மறித்த அணைகள் உடைந்தால், பெருக்கு நீர் வயலுக்குள் வந்து மண்ணில் உப்பை விட்டுப் போகும். உப்பு ஏறிய வயலில் பிறகு நெல் முளைக்காது, பனங்கொட்டை கூடச் சிரமப்படும். ஆகவே எங்கள் ஊரில் காணியைச் சும்மா விடுவது பாதுகாப்பு அல்ல. பயிர் செய்வதுதான், அதுவும் சரியான விதத்தில் செய்வதுதான், பாதுகாப்பு.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. கண்டல், கடலோரத் தரவை, பறவைகள் இறங்கும் சதுப்பு ஆகியவற்றை உழக்கூடாது. அங்கே சும்மா விடுவதுதான் சரி. அதற்கும் ஊராருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். மாடு மேய்த்தவருக்கு ‘இனி வராதே’ என்று சொல்லிவிட்டு, சுற்றுலாப் பயணிக்கு நுழைவுச்சீட்டு விற்பது நியாயம் ஆகாது.

உறுதி ஒருவர் பெயரில், வரம்பு ஒருவர் கையில்

இனி மிகச் சிக்கலான இடத்துக்கு வருவோம். புளியங்கூடலில் எங்கள் குடும்பத்துக்கும் ஒரு வயல்துண்டில் பங்கு இருக்கிறது. உறுதி அப்பப்பாவின் பெயரில். பங்கு பிரிக்கப்படவில்லை. இன்றைக்கு உரித்தாளர்களை எண்ணினால் பதினொரு பேர் வருகிறார்கள். நான் உட்பட இருவர் யாழ்ப்பாணத்தில், ஒருவர் கொழும்பில், எட்டுப் பேர் மூன்று நாடுகளில். அந்தத் துண்டை ஊரில் இருக்கும் ஒருவர் பல வருடங்களாக விதைக்கிறார். எழுத்தில் எதுவும் இல்லை. வாய்ச்சொல்தான். விளைந்தால் இரண்டு மூடை நெல் தருவார். விளையாவிட்டால் நாங்களும் கேட்பதில்லை.

அவர் ஒருமுறை என்னிடம் கேட்டார்: “தம்பி, உறுதி உங்கட ஆக்களின்ரை பேரிலை. வரம்பு என்ரை கையிலை. நாளைக்கு ஏதும் காசு வந்தா அது எங்கை போகும்?” நான் பதில் சொல்லவில்லை. ஏனென்றால் பதில் அவருக்கும் தெரியும். மானியத்துக்குப் பதியப் போன இடத்தில் காணிக்காரரின் கடிதம் கேட்டிருக்கிறார்கள். பதினொரு பேரின் கையெழுத்தை அவர் எங்கே போய் வாங்குவார்?

இது எங்கள் குடும்பத்தின் கதை மட்டுமல்ல. தீவகத்தில் எந்த வயல்வெளியில் நின்று கேட்டாலும் இதே மாதிரிக் கணக்குத்தான் வரும். இதற்குள் நாங்கள் வெளியே பேசத் தயங்கும் ஒரு விடயமும் இருக்கிறது. உறுதி வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் ஒரு சமூகத் தட்டைச் சேர்ந்தவர்கள், வெளிநாட்டுக்குப் போக வசதி இருந்தவர்கள். ஊரில் எஞ்சி நின்று மண்ணைக் கிளறுகிறவர்களில் பலர் தலைமுறைகளாகக் காணி இல்லாதவர்கள், சாதியால் ஒதுக்கப்பட்டவர்கள். காணிக்காரரின் பெயரைப் பார்த்துப் பணம் கொடுக்கும் எந்தத் திட்டமும் இந்தப் பிளவை அகலமாக்கும்.

மறுபக்கமும் பார்க்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் உரித்தாளரின் பயமும் பொய்யானதல்ல. நெற்காணிச் சட்டம் 1958இல் வந்த காலத்திலிருந்து, 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் வரை, குத்தகைச் செய்கையாளருக்குப் பாதுகாப்பு உண்டு. அது நியாயமான பாதுகாப்பு. ஆனால், எழுத்தில் கொடுத்தால் காணி திரும்பாது என்ற எண்ணத்தில் பலர் யாருக்கும் கொடுக்காமல் பற்றைக்கு விடுகிறார்கள். ஆட்சியுரிமை பற்றிய பயம் இன்னொன்று. 1983 மே மாதத்திலிருந்து 2009 மே மாதம் வரை போரால் காணிக்கு வரமுடியாமல் போனவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. ஆனால் அது கொடுத்த காலம் குறுகியது. வழக்குப் போட முடிந்தவர்கள் சிலரே.

பெண்களின் நிலை இதைவிடக் கடினம். கணவர் காணாமல் ஆக்கப்பட்ட குடும்பங்களில் காணி இன்னமும் அவருடைய பெயரில் இருக்கிறது. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராது. எடுத்தால் தேடுவதை நிறுத்திவிட்டதாக அர்த்தம். 2016இல் காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்ற வழி உருவாக்கப்பட்டது. ஆனால் அதையும் வாங்க விரும்பாதவர்கள் உண்டு. வயலில் இறங்கி நிற்கிறவர் அவர். பதிவேட்டில் இருக்கிற பெயர் வராதவருடையது. அந்தப் பெயருக்கு மானியம் வந்தால் யார் கையெழுத்து வைப்பது?

வர்த்தமானியின் வழி

இந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்குப் பதிலாக, அரசு அதைத் தனக்கு வாய்ப்பாக எடுத்துக்கொண்ட சந்தர்ப்பங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். 2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான வர்த்தமானி வடக்கின் நான்கு மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணியைக் குறிப்பிட்டு, மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்றது. அதில் பெரும்பகுதி யாழ்ப்பாண மாவட்டத்தில், முக்கியமாக வடமராட்சி கிழக்கில் இருந்தது. போரில் உறுதி இழந்தவர், நாட்டைவிட்டுப் போனவர், சுனாமியில் எல்லாம் பறிகொடுத்தவர், எல்லோரும் மூன்று மாதத்தில் வந்து நிற்க வேண்டுமாம். மக்கள் எதிர்த்தார்கள். வழக்குப் போடப்பட்டது. ஜூன் 27ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசும் பின்வாங்கியது.

சூழல் பாதுகாப்பின் பெயரிலும் இதே வழிதான். நெடுந்தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சுண்டிக்குளமும் அதே ஆண்டு. போருக்குப் பின் வன்னியில் மக்கள் இல்லாத காலத்தில் காடு வளர்ந்த வயல்களும் மேட்டுக்காணிகளும் வனமாகக் குறிக்கப்பட்டன. இடம்பெயர்ந்தவர் இல்லாத காலத்தில் வளர்ந்த பற்றையை வைத்து, அவருடைய உரிமையை மறுப்பது எப்படி நியாயம்? மரம் வளர்ந்ததற்கு அவர் விலை கொடுத்திருக்கிறார். அந்த விலை அவருடைய ஊர்.

எனவே தரிசு நிலம் என்று அரச அலுவலர் ஒருவர் சொல்லும்போது, தீவகத்தில் யாரும் அதை மானியத்தின் தொடக்கமாகக் கேட்பதில்லை. பறிப்பின் தொடக்கமாகத்தான் கேட்பார்கள். 2000ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பயிர் செய்யாமல் விடப்பட்ட வயலை வேறொருவரைக் கொண்டு செய்விக்க அதிகாரிகளுக்கு வழி இருக்கிறது. உணவு உற்பத்திக்கு அது தேவையான ஏற்பாடாக இருக்கலாம். ஆனால் நம்பிக்கை இல்லாத இடத்தில் எந்த நல்ல சட்டமும் பயமுறுத்தலாகத்தான் படிக்கப்படும்.

எப்படி இருந்தால் சரி

பணம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். 2023இலிருந்து நாடு சர்வதேச நாணய நிதியத்தின் திட்டத்தின் கீழ் இருக்கிறது. புதிய மானியம் என்றால் கொழும்பு முகம் சுளிக்கும். ஆனால் பசளைக்கு ஏற்கனவே செலவாகும் பணத்தின் சிறு பகுதியைச் செயலுக்கான கொடுப்பனவாக மாற்றுவது புதிய செலவல்ல. வெளிநாட்டுக் காலநிலை நிதியும் வருகிறது. அது வரும்போது பின்வரும் விடயங்களை நாங்கள் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, பணம் நிலத்தின் பரப்புக்கு அல்லாமல் செயலுக்குக் கிடைக்க வேண்டும். வரம்பு கட்டினால் இவ்வளவு, பசுந்தாள் விதைத்தால் இவ்வளவு, பனையோலையும் குழையும் தாட்டால் இவ்வளவு, வேலியில் மரம் வைத்தால் இவ்வளவு என்று. சணல், காவிளாய், பூவரசங்குழை, மாட்டுப்பட்டி அடைத்தல் எல்லாம் எங்களுக்குப் புதிதல்ல. கூலி கட்டுப்படியாகாததால் கைவிடப்பட்டவை. அந்தக் கூலியைக் கொடுத்தால் திரும்பி வரும்.

இரண்டாவது, செயலைச் செய்தவரின் கையில் பணம் போக வேண்டும். கமநல சேவை நிலையப் பதிவேட்டில் உரித்தாளரின் பெயரோடு செய்கையாளரின் பெயரும், அவர் பெண்ணானால் அவருடைய சொந்தப் பெயரிலேயே, பதியப்பட வேண்டும்.

மூன்றாவது, உரித்தாளரின் பயத்தைத் தீர்க்கும் பருவ ஒப்பந்தம் ஒன்று வேண்டும். ஐந்து வருடத்துக்கு இவர் செய்வார், இதனால் உரித்து மாறாது, அந்த ஐந்து வருடத்துக்குள் இவரை எழுப்பவும் முடியாது என்று இருவரையும் காக்கும் எழுத்து. இதற்குச் சட்டத் திருத்தம் தேவை. விவசாயமும் காணியும் 13ஆவது திருத்தத்தில் மாகாணத்துக்கான விடயங்கள். ஆனால் வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின் தேர்தலே நடக்கவில்லை. தேசிய காணி ஆணைக்குழு இன்றுவரை உருவாகவில்லை. மாகாண சபைத் தேர்தல் என்பது அரசியல்வாதிகளின் கதிரைப் பிரச்சினை மட்டுமல்ல, புளியங்கூடல் வரம்பின் பிரச்சினையும்தான்.

நான்காவது, குளமும் உவர்நீர் அணையும் எவருடைய உறுதியிலும் இல்லை. அவற்றுக்கான பணம் கமக்காரர் அமைப்பு வழியாக ஊருக்குப் பொதுவாக வர வேண்டும். வேலை ஊர்க் கூலியாட்களுக்குப் போக வேண்டும். வெளியிலிருந்து பெரிய இயந்திரத்தோடு வரும் ஒப்பந்தக்காரர் குளத்து மண்ணை ஏற்றிக்கொண்டு போய்விடக்கூடாது.

ஐந்தாவது, சேர்வதும் விலகுவதும் விருப்பப்படி இருக்க வேண்டும். ஒப்பந்த காலம் முடிந்ததும் காணி காணிக்காரருடையது, எந்தத் திணைக்களமும் அதில் கல் நடாது என்பது தமிழில், எழுத்தில், முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இது இல்லாமல் வரும் எந்தப் பசுமைத் திட்டத்திலும் கையெழுத்து வைக்க வேண்டாம் என்றுதான் நான் ஊராருக்குச் சொல்வேன்.

அரசுக்காகக் காத்திருக்காமல்

மேலே சொன்னவற்றில் பல அரசு செய்ய வேண்டியவை. அவை நாளைக்கே நடக்காது. ஆனால் எல்லாவற்றுக்கும் அரசைக் காத்திருக்கத் தேவையில்லை. புலம்பெயர்ந்த ஊர் ஒன்றியங்கள் கோயில் கோபுரத்துக்கும் பாடசாலைக் கட்டடத்துக்கும் காசு சேர்த்திருக்கின்றன. அந்தப் பணியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஊரை ஊராக வைத்திருந்ததில் அதற்குப் பங்குண்டு. ஆனால் கோபுரத்துக்கு வர்ணம் பூசுகிற வருடத்தில் குளத்தில் ஒரு மண்வெட்டி கூட விழாவிட்டால், திருவிழாவுக்கு வருகிறவர்கள் போத்தல் தண்ணீரோடுதான் வர வேண்டியிருக்கும்.

ஓர் ஒன்றியம் தனது ஊரின் தரிசு வயல்களின் உரித்தாளர்களைப் பட்டியலிட்டு, பங்காளிகளிடமிருந்து அற்றோர்ணித் தத்துவம் வாங்கி, ஊரில் இருக்கும் செய்கையாளருடன் எழுத்தில் ஓர் உடன்பாடு செய்தால், அரசு செய்யத் தவறியதன் ஒரு சிறு மாதிரியை நாங்களே செய்து காட்டலாம். ஒரு நல்ல நொத்தாரிசும், பங்காளிகளுக்கு நடுவே நாலைந்து தொலைபேசி உரையாடல்களும் போதும். அந்த உரையாடல்கள் இலகுவானவை அல்ல என்பது எனக்குத் தெரியும். சீதனக் காணி, முதுசக் காணி, யாருக்குக் கூட, யாருக்குக் குறைய என்ற பழைய கணக்குகள் எல்லாம் அதில் வெளியே வரும். ஆனால் அந்தக் கணக்குத் தெரிந்த தலைமுறை மெதுவாக மறைந்துகொண்டிருக்கிறது. அடுத்த தலைமுறைக்குக் காணியின் எல்லையும் தெரியாது, பங்காளியின் பெயரும் தெரியாது. அப்போது உரிமை கோர மூன்று மாதம் அல்ல, மூன்று வருடம் கொடுத்தாலும் வந்து நிற்க யாரும் இருக்கமாட்டார்கள்.

காணியைக் காப்பது என்று நாங்கள் இவ்வளவு காலமும் சொன்னது பறிபோகாமல் காப்பதைத்தான். அது இன்றைக்கும் தேவை. ஆனால் யாரும் பறிக்காமலே ஒரு காணி போகலாம். வரம்பு கரைந்து, குளம் தூர்ந்து, கிணறு உவராகி, உறுதியில் மட்டும் எஞ்சலாம். தீவகத்தில் இப்போது நடந்துகொண்டிருப்பது அதுதான். அதைத் தடுக்கிற வேலையைச் செய்கிறவர் யாரோ, அவருக்குக் கூலியும் பெயரும் கிடைக்க வேண்டும்.